ஹேண்டிலில் துணி இல்லை

எங்கள் சைக்கிள் கொட்டகையில் ஒரு சட்டம் உண்டு. ஹேண்டிலில் துணி கட்டியிருந்தால் அந்த வண்டி தயாராகவில்லை என்று அர்த்தம். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். சிவப்புத் துணி என்றால் என் மருமகன் கட்டியது, நீலத் துணி என்றால் நான் கட்டியது. வீட்டில் கிழிந்துபோன இரண்டு திரைச்சீலைகளை என் மனைவி துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்திருந்தாள். இந்தச் சட்டத்தை நாங்கள் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. கொட்டகையில் இருப்பதே இரண்டு பேர், எங்களுக்குத் தெரிந்தால் போதாதா என்று இருந்துவிட்டோம்.

நாங்கள் வேலை பார்ப்பது பெரிய கிடங்கு. மேல் கிடங்கிலிருந்து கீழ் முற்றத்துக்கு நல்ல இறக்கம், இறக்கத்தின் முடிவில் சரளைக்கல் பரப்பிய ஒரு வளைவு. ஆட்கள் நடந்தே நேரத்தைத் தின்றுவிடுகிறார்கள் என்று நிர்வாகம் அறுபது சைக்கிள் வாங்கிப் போட்டிருந்தது. காலையில் ஒன்றை எடுத்துப் போவார்கள், சாயங்காலம் கொண்டுவந்து எங்கள் தலையில் சாய்த்துவிட்டுப் போவார்கள்.

நான் முதலில் மூட்டை தூக்கியவன். இருபத்தாறு வருஷம். இடுப்பு விட்டுப்போன பிறகு மருமகன்தான் சூப்பர்வைசரிடம் பேசி என்னைக் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டார். அவர் ஃபிட்டர், நான் கையாள். கிடங்கு வாசலில் காவல் இருக்கும் கேட்காரர் இதைச் சொல்லிச் சொல்லியே பொழுதைப் போக்குவார். "பொண்ணையும் எடுத்துக் கொடுத்து ஸ்பேனரையும் எடுத்துக் கொடுக்கிற மாமனாரை நான் இங்கதாங்க பார்க்கிறேன்" என்பார். மருமகன் சிரிப்பார். நானும் சிரிப்பேன். எனக்கு அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. வேலை அவருக்குத்தான் தெரியும்.

அந்தச் சைக்கிள்களுக்கு கேண்டிலீவர் பிரேக். ரிம்முக்கு இரண்டு பக்கமும் இரண்டு கைகள், ஒவ்வொரு கையிலும் ஒரு ரப்பர் கட்டை. டயருக்கு மேலே ஒரு குறுக்கு வயர் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்திருக்கும். லீவரை அழுத்தினால் அந்தக் குறுக்கு வயரின் நடுவை இன்னொரு வயர் மேலே இழுக்கும், இரண்டு கட்டைகளும் வந்து ரிம்மைக் கவ்வும். சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் குறுக்கு வயரின் ஒரு முனையைக் கொக்கியிலிருந்து தள்ளிவிட்டால் போதும், கைகள் விலகி வழிவிடும். தள்ளிவிடுவது ஒரு விரல் வேலை. திரும்ப மாட்டுவதும் ஒரு விரல் வேலைதான். மாட்டாமல் விட்டால் லீவர் வெறுமனே போய் ஹேண்டிலைத் தொடும், சக்கரம் தன்பாட்டுக்கு ஓடும்.

மருமகன் பிரேக் வைப்பதில் அவசரம் இருக்காது. கட்டை டயரில் பட்டால் டயரைத் தின்றுவிடும். ரிம்முக்குக் கீழே இறங்கினால் கம்பிகளுக்குள் பாய்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் விரற்கடை இடம்தான், அதில் கட்டையைச் சரியாக உட்கார வைப்பார். கட்டையின் பின்பாதிக்கும் ரிம்முக்கும் இடையில் ஓர் அட்டைத் துண்டைச் செருகி, நட்டை இறுக்கிவிட்டு அட்டையை உருவுவார். அப்போதுதான் கட்டையின் முன்முனை நூலளவு முந்திக்கொண்டு ரிம்மைத் தொடும், பிரேக் கத்தாது. கடைசியாக ஸ்பிரிங். ஒரு கை சுறுசுறுப்பாக வரும், இன்னொன்று தூங்கி வழியும். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இரண்டையும் ஒரே நேரத்தில் வரவைப்பார்.

"ரெண்டும் ஒண்ணா இழுக்கணும் மாமா. ஒண்ணு மட்டும் உழைச்சா சரிப்படாது."

"பிரேக்கைச் சொல்றீங்களா மாப்ள, நம்மளைச் சொல்றீங்களா?"

"தூங்குறவங்களுக்குத் தெரியும்" என்பார், நிமிராமலே.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவர் ஒரு வண்டியின் முன்சக்கரத்தைக் கழற்றி பஞ்சர் ஒட்டி மாட்டியிருந்தார். தேய்ந்த கட்டைகளை எடுத்துவிட்டுப் புதிய கட்டைகள் போட்டிருந்தார். குறுக்கு வயரை இன்னும் மாட்டவில்லை. அதற்குள் கேட்டில் ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் சிக்கிக்கொண்டது என்று ஆள் வந்து கூப்பிட்டார்கள். அவர் போனார். நான் பக்கத்து வண்டியின் செயினைக் கழற்றி எண்ணெயில் ஊறவைத்துக்கொண்டிருந்தேன். என் இரண்டு கையும் முழங்கை வரை கறுப்பு.

கொஞ்ச நேரத்தில் ஃபைல் அக்கா வந்தாள். மேல் ஆபீசுக்கும் கீழ் ஆபீசுக்கும் காகிதம் சுமப்பவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள்தான், ஆனால் கிடங்கில் எல்லோருக்கும் அவள் அக்கா.

"என்ன அண்ணே, கை துடைக்கிறீங்களா, துணிக்குச் சாயம் போடுறீங்களா?" என்றாள்.

"சாயம் போட்டா கூலி யாரு தர்றது?" என்றேன்.

"சரி சரி. என் வண்டியில காத்து இல்லை. இதை எடுத்துக்கட்டுமா?"

அவள் காட்டியது பஞ்சர் ஒட்டிய வண்டியை. நான் ஹேண்டிலைப் பார்த்தேன். பார்க்காமல் சொல்லவில்லை, நன்றாகப் பார்த்தேன். துணி இல்லை. சக்கரமும் மாட்டியிருந்தது. எடுத்துக்கோ என்று தலையாட்டினேன். குனிந்து பார்த்திருந்தால் குறுக்கு வயர் ஒரு பக்கமாகத் தொங்குவது தெரிந்திருக்கும். என் இடுப்புக்குக் குனிவது என்பது யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

இறக்கத்தில் அவள் லீவரை அழுத்தியபோது முன் பிரேக் பிடிக்கவில்லை. பயந்துபோய்ப் பின் பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்திருக்கிறாள். சரளையில் பின்சக்கரம் வழுக்கி வண்டி அவளைச் சுவரில் கொண்டுபோய் அடித்தது. சத்தம் கேட்டு நான் ஓடினேன். அவளைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். வலது கை முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. அவள் அழவில்லை. காகிதமெல்லாம் பறக்குது, பிடிங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ரத்தமும் சேறுமாக இருந்த பேன்ட்டைக் கழற்றி அழுக்குத் துணிக் கூடையில் போட்டேன்.

விசாரணை மறுநாள். சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் ஒன்றாக நிற்கவைத்துக் கேட்டார்.

"சிவப்புத் துணி கட்டிட்டுத்தான் சார் போனேன். நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் மருமகன். பிறகு என் பக்கம் திரும்பினார். "மாமா, நீங்க பார்த்தீங்கல்ல?"

நான் என்ன செய்வேன். கண் பார்த்ததை வாய் சொன்னது.

"வண்டி எடுக்கும்போது ஹேண்டிலில் துணி இல்லை சார். பார்த்துட்டுத்தான் எடுத்துக்கச் சொன்னேன்."

சூப்பர்வைசர் பேனாவை மூடினார். "சொந்த மாமனாரே சொல்றார். இதுக்கு மேல எனக்கு யார் சாட்சி வேணும்?"

அதை டைப் செய்து கொண்டுவந்தார்கள். நான் நாற்பது தாண்டிய பிறகு எழுத்துக் கற்றவன். வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று ஒரு வைராக்கியம் எனக்கு. 'ஹேண்டிலில் துணி இல்லை' என்ற வரியை எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசித்து, சரியாக இருக்கிறது என்று சொல்லி, கையெழுத்துப் போட்டேன்.

மருமகனை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அடுத்த புதன்கிழமை முடிவு சொல்வார்களாம். என்ன முடிவு என்று கேட்காரருக்குக்கூடத் தெரிந்திருந்தது. என்னைப் பார்த்து அவர் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லிச் சிரிக்கவில்லை.

எங்கள் வீடு இரண்டு அறை. முன்னறையில் நானும் மனைவியும், பின்னறையில் மகளும் மருமகனும். பின்னறைக்குப் போக முன்னறையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் தாண்டிப் போனார், வந்தார். சண்டை போடவில்லை. ஒரே ஒரு காரியம் செய்தார். 'மாமா'வை விட்டுவிட்டார். "தண்ணி வேணுமா?" என்பார். "கதவைச் சாத்தட்டுமா?" என்பார். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, வெறும் கேள்வி. நாலு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்ட சொல் அது. அது இல்லாமல் வீட்டில் காது அடைத்த மாதிரி இருந்தது.

எனக்கும் மனசுக்குள் கோபம்தான். மறந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டால் என்ன, கட்டினேன் கட்டினேன் என்று ஏன் சாதிக்கிறார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மகள் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

"சொல்ல மாட்டேன்மா."

"அவரும் சொல்ல மாட்டார். எனக்குத் தெரியும்."

அவளே தொடர்ந்து கேட்டாள்.

"அப்போ துணி எங்கப்பா போச்சு?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன். சொன்னபோது எனக்கு உண்மையிலேயே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மனைவி துணி துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். நான் முகம் கழுவிவிட்டுத் துண்டு எடுக்கப் போனேன். பெரிய போர்வைக்குப் பின்னால், கொடியின் கடைசியில், சுவரை ஒட்டி ஒரு சின்னத் துணி காய்ந்துகொண்டிருந்தது. சிவப்பு.

நான் அதைத் தொடவில்லை. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி பின்னால் வந்து நின்றது தெரிந்தது.

"இது எங்கிருந்து வந்துச்சு?"

"உங்க பேன்ட் பாக்கெட்டுல இருந்துச்சு. அந்த ரத்தக்கறை பேன்ட்." அவள் குரலை இறக்கினாள். "ஒரே கறுப்பா இருந்துச்சுங்க. உங்க நீலத் துணின்னு நினைச்சு ஊறப்போட்டேன். ரெண்டாவது சோப்புலதான் சிவப்புன்னு தெரிஞ்சது."

அப்போதுதான் எனக்கு என் கை ஞாபகத்துக்கு வந்தது. மூளைக்கு வராதது கைக்கு வந்தது. செயினை ஊறவைத்துவிட்டு நிமிர்ந்தேன். என் நீலத் துணிகள் அந்தப் பக்கம் பெட்டியில் கிடந்தன. கை பக்கத்து வண்டியின் ஹேண்டிலில் துழாவியது, துணி தட்டுப்பட்டது, சுருக்கு முடிச்சு ஒரே இழுப்பில் வந்தது, துடைத்தேன். துடைத்துக்கொண்டிருக்கும்போது ஃபைல் அக்கா வந்தாள். பேசிக்கொண்டே அதைப் பாக்கெட்டில் திணித்தேன். அதற்குப் பிறகுதான், ஒழுங்காக, சட்டப்படி, ஹேண்டிலைத் திரும்பிப் பார்த்தேன்.

மனைவியிடம் அதைச் சொன்னேன்.

"விட்டுடுங்க" என்றாள் மனைவி. "இதை அடுப்புல போட்டுடுறேன். நீங்க போய்ச் சொன்னா அவரைத் திரும்ப எடுத்துக்குவாங்களா? ரெண்டு பேரையும் சேர்த்து வெளியே தள்ளுவாங்க. அப்புறம் நாலு வயிறும் காயணும்."

"அந்தப் பிள்ளை இந்த வீட்டுல அஞ்சு நாளா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நடக்குது."

"எனக்கு மட்டும் கண்ணு இல்லையா?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் துணியை எடுக்க நான் கை நீட்டியபோது அவள் தடுக்கவில்லை. ஈரத்தோடு மடித்துக் கொடுத்தாள்.

அன்றைக்கே மருமகனிடம் சொன்னேன். பின்னறை வாசலில் நின்று, துணியைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அவர் துணியை வாங்கிப் பார்த்தார். முடிச்சுப் போட்ட இடத்தில் துணி கசங்கியிருந்ததைக் கட்டைவிரலால் தடவினார். அவர் முகத்தில் என்ன வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "நான் கட்டினேன்" என்றார், அவ்வளவுதான். துணியைத் திருப்பிக் கொடுத்தார். நான் மன்னிப்பு என்று வாயெடுப்பதற்குள் பின்னறைக்குள் போய்விட்டார்.

திங்கட்கிழமை வேலை தொடங்குவதற்கு முன்னால் சூப்பர்வைசர் மேஜையில் அந்தத் துணியை வைத்தேன். சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"பெரியவரே, புதன்கிழமை என்ன சொன்னீங்க?"

"தெரியாம சொன்னேன் சார்."

"வாசிச்சுப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க? அஞ்சு நாள் வீட்டுல பொண்ணு அழுதிருக்கும். அம்மாவும் அழுதிருப்பாங்க. எனக்குப் புரியுது." துணியைப் பேனாவால் என் பக்கம் தள்ளினார். "இது துவைச்ச துணி. இதுல கிரீஸும் இல்லை, ஒண்ணும் இல்லை. இந்த மாதிரி துணி உங்க வீட்டுல இன்னும் எத்தனை இருக்கு?"

"பத்துப் பன்னிரண்டு இருக்கும் சார்."

"அதான்."

"சார், என் வேலை போகும்னு தெரிஞ்சே சொல்றேன். எவனாவது பொய்யாச் சொல்லுவானா?"

"பொண்ணுக்காகச் சொல்லுவான்" என்றார். "நானும் பொண்ணைப் பெத்தவன்தான். போய் வேலையைப் பாருங்க."

மருமகனுக்கு எதிராகச் சொன்னபோது நான் மாமனார் என்பதாலேயே என்னை நம்பினார்கள். இப்போது மாமனார் என்பதாலேயே நம்பவில்லை. கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். விபத்தான வண்டி மூலையில் நின்றது. குறுக்கு வயர் இன்னும் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முனையைப் பிடித்து, பிரேக்கின் இரண்டு கைகளையும் ரிம்மோடு சேர்த்து அழுத்தி, கொக்கியில் மாட்டினேன். லீவரை அழுத்தினேன். ஒரு கட்டை முந்தி வந்தது, இன்னொன்று பின்தங்கியது. அதைச் சரிசெய்ய வேண்டியவர் வீட்டில் இருந்தார்.

அப்போதுதான் ஃபைல் அக்காவின் குரல் காதில் திரும்பக் கேட்டது. கை துடைக்கிறீங்களா, துணிக்குச் சாயம் போடுறீங்களா.

அவள் பார்த்திருக்கிறாள். எங்கள் துணிச் சட்டம் அவளுக்குத் தெரியாது, அதனால் பார்த்தது என்ன என்று அவளுக்குத் தெரியாது. அவளிடம் யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

வேலை முடிந்ததும் ஃபைல் அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்று மாடி ஏற வேண்டியிருந்தது. அவள் கணவர் கதவைத் திறந்து, என்னைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"மருமகனுக்காக வந்திருக்கீங்களா?"

"ஆமாங்க" என்றேன். வேறு எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும்.

"உள்ளே விடுங்க" என்று அவள் குரல் வந்தது.

கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் சுருங்கிப்போயிருந்தது. நலம் விசாரித்தேன். பிறகு கேட்டேன்.

"அன்னைக்கு நீ கொட்டகைக்குள்ள வந்தப்போ நான் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தேன், ஞாபகம் இருக்காம்மா?"

"கை துடைச்சுக்கிட்டு இருந்தீங்க."

"எந்தத் துணியில?"

"கறுப்பும் சிவப்புமா ஒரு துணி. ஏன் அண்ணே?"

துணிச் சட்டத்தை அவளுக்கு விளக்கிச் சொன்னேன். சிவப்பு யாருடையது, நீலம் யாருடையது, அது ஹேண்டிலில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அப்போ என் கையை உடைச்சது நீங்க" என்றாள்.

"ஆமாம்மா."

"நான் அந்தப் பிள்ளையை என்னவெல்லாம் திட்டினேன் தெரியுமா? பார்க்க வந்தவங்க கிட்டயெல்லாம் சொன்னேன். விளங்க மாட்டான்னு சொன்னேன்."

"என்னைத் திட்டு."

"திட்டத்தான் போறேன். வலி குறையட்டும்." அவள் கண்ணை மூடித் திறந்தாள். "ராத்திரி தூக்கம் இல்லை அண்ணே. புரண்டா உயிர் போகுது. ஜடை பின்னிக்க முடியலை. சோறு இவர் ஊட்டுறார்."

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் எழுதிக் கொடுத்தா உங்களுக்கு என்ன ஆகும்?" என்றாள்.

"போகச் சொல்லுவாங்க."

"இந்த இடுப்போட எங்க போவீங்க?"

"தெரியலை."

அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லிவிட்டால் நன்றாக இருக்குமே என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த நொடியை மறைக்க நான் விரும்பவில்லை.

"காகிதம் எடுத்துட்டு வாங்க" என்றாள் கணவரிடம்.

அவர் காகிதமும் பேனாவும் கொண்டுவந்து, "நான் எழுதுறேன், நீ சொல்லு" என்றார்.

"வேணாம். நீங்க எழுதினா இவர் வந்து உங்களைப் பிடிச்சு எழுத வெச்சார்னு சொல்லுவாங்க. என் கையெழுத்து மேல் ஆபீஸ், கீழ் ஆபீஸ் எல்லாருக்கும் தெரியும். கோணலா இருந்தாலும் என்னுதுன்னு தெரியட்டும்."

பேனாவை இடது கையில் பிடித்தாள். பிடி சரியாக வரவில்லை. இரண்டு தடவை மாற்றிப் பிடித்தாள். முதல் எழுத்து போட்டதும் காகிதம் நழுவியது. அதை அழுத்திப் பிடிக்க அவளுக்கு இன்னொரு கை இல்லை. நான் தரையில் உட்கார்ந்து, காகிதத்தின் மேல் முனையை என் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சோப்புப் போட்டுக் கழுவிய கைதான். ரேகைகளில் கறுப்பு அப்படியே இருந்தது.

அவள் எழுதினாள். ஓர் எழுத்துக்கு ஒரு மூச்சு. சின்னக் குழந்தை எழுதுவதுபோல் எழுத்துகள் பெரிதாகவும் சாய்வாகவும் வந்தன. அந்த வேகத்தில் எழுதினால்தான் என்னால் வாசிக்க முடியும். தலைகீழாக இருந்தாலும் ஒவ்வொன்றையும் கூட்டி வாசித்துக்கொண்டே வந்தேன். 'நான் கொட்டகைக்குள் போனபோது' என்று எழுதினாள். 'பெரியவர்' என்று எழுதினாள். 'சிவப்புத்' என்று எழுதிவிட்டு வலியில் நிறுத்தினாள்.

"அழுத்திப் பிடிங்க அண்ணே" என்றாள். "அசையுது."

நான் இன்னொரு கையையும் வைத்து அழுத்திக்கொண்டேன். அவள் அடுத்த எழுத்தைத் தொடங்கினாள்.